பொன்னாடைத் தாம்பாளத்தை யார் பிடிப்பது

எங்கள் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பணி அனுபவம் எழுதுகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், கையில் வெந்நீர் பிளாஸ்க் இருக்க வேண்டும், ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்க ஒரு காலம் இருக்க வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை. மாறுதல் கலந்தாய்வில் வெள்ளகோவில் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கிளம்புகிற நேரத்தில் எங்கள் தலைமை ஆசிரியை, “போறதுக்கு முன்னால புதுசா வர்றவங்களுக்கு நாலு நல்லது எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்” என்றார். நாலு நல்லது தேடிப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் நான் செய்ததில்லை.

பாடம் எப்படி நடத்துவது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மதியம் தயிர் சாதத்தோடு வெளியே வருவீர்கள். பக்கத்து வகுப்பில் வேலை பார்ப்பவரை எப்படிப் பாராட்டுவது என்பதற்கு மட்டும் பயிற்சி கிடையாது. அதனால்தான் அதை நாங்கள் விழா எடுத்துச் செய்து முடித்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தேனிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வாசலுக்கு உள்ளே நடப்பது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நான் நம்பியே வளர்ந்தேன். பொன்னாடைக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றுதான் நம்பினேன்.

அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் நடுவே எங்கள் பள்ளி. காலைப் பிரார்த்தனைக்குத் தாளம் போடுவது பக்கத்துச் சிற்பக் கூடத்து உளிகள். தலைமை ஆசிரியை அறையில் ஒரு இரும்பு பீரோ. அதன் கீழ்த்தட்டில் பொன்னாடைகள். எந்தக் காலத்திலோ ஒரு கட்டாக வாங்கியவை. அதிகாரி வந்தால் போர்த்துவோம். அவர் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு ஜீப் ஏறுவார். பொன்னாடை பீரோவுக்குத் திரும்பும். ஊராட்சித் தலைவர் வந்தால் அதுவே அவர் தோளுக்கு. எங்களுக்குள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்வதும் அதையேதான். பச்சையில் ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கறை உண்டு. என் தோளில் மட்டும் அது மூன்று விழாக்களில் ஏறி இறங்கியிருக்கிறது. என் மீது அதற்கு ஒரு பாசம் வந்திருக்கும்.

பொன்னாடைகளை மடித்து அடுக்கிய பித்தளைத் தாம்பாளத்தை மேடையில் ஒருவர் ஏந்தி நிற்க வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் எப்போதும் பூங்கொடி டீச்சர்.

அவர் ஒன்றாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழு நியமித்த தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூனிலும் அவர் புதிதாகப் பிறப்பார், ஏப்ரலில் மறைவார். வராந்தாச் சுவரில் எங்கள் பெயரெல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கிறது, அவர் பெயர் இல்லை. அழிக்கிற வேலை மிச்சம் பாருங்கள். பாராட்டப்படுகிறவர் தாம்பாளம் பிடிக்க முடியாது. நாங்கள் எல்லோரும் பாராட்டப்படுகிறவர்கள். ஆகவே கணக்கு தானாகவே சரியாக வந்தது.

அவர் வகுப்பில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். பூங்கொடி டீச்சர் வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் சேர்வார்கள், ஒரு மாதம் வருவார்கள், ஒன்றும் புரியாமல் நின்றுவிடுவார்கள். பெற்றோர் திரும்பி வரும்வரை பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வந்த பிறகு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவு நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதைப் போய் யாராவது கேட்பார்களா?

இது எனக்குப் பழகின பழக்கம்தான். கல்லூரி விடுமுறையில் அம்மாவோடு கம்பெனியில் செக்கிங் பார்த்திருக்கிறேன். பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது. அது பாட்டுக்குப் பேக்கிங்குக்குப் போகும். நாள் முழுக்க நல்ல பீஸாக வந்தால் செக்கிங் டேபிளில் நிற்பவனுக்கு அன்றைக்கு என்ன பார்த்தோம் என்றே ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதி வந்தேன்.

முதலில் டீ ஷர்ட் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆசிரியர் தினத்துக்கு, பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு பெற்றோர் ‘சிறந்த ஆசிரியர்’ என்று அச்சடித்த டீ ஷர்ட் தருவதாகச் சொன்னார். தலைமை ஆசிரியை நிரந்தரப் பணியாளர் எத்தனை பேரோ அத்தனை பீஸ் கேட்டார். அந்த மனிதர் பாவம், தொழில் தெரிந்தவர். “நாலு பீஸுக்கு மிஷின் ஓட்ட முடியாதுங்க டீச்சர்” என்று சொல்லி, ஒரு கட்டு அடித்துவிட்டார். எங்களுக்குப் போக மிச்சமெல்லாம் தெருவுக்குப் போயிற்று. மறு வாரம் எதிர் டீக்கடை மாஸ்டர் சிறந்த ஆசிரியர். கறிக்கடைக்காரர் சிறந்த ஆசிரியர். லோடு வேனில் பண்டல் ஏற்றுகிற பீகார்ப் பையன்கள் மூன்று பேரும் சிறந்த ஆசிரியர்கள். பூங்கொடி டீச்சர் அன்றைக்கு விடுப்பில் இருந்ததால் அவருக்கு எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் சிறந்த ஆசிரியராக இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

நான் சங்கடப்பட்டுக்கொண்டு என்னுடையதைத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க சார். டீ மாஸ்டர் போட்டிருக்கறதப் பாத்தனுங்க. அவரு நல்லாத்தான் சொல்லித் தருவாராட்ட இருக்குது” என்றார். 

பொங்கல் கழிந்த பிறகு சத்துணவுக்கூடத்துப் பக்கம் ஒரு பேச்சு அடிபட்டது. அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனி ஆபீஸில் பூங்கொடி டீச்சரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஜூனில் பிறந்து ஏப்ரலில் மறைகிற கதை அங்கே இல்லை, அவரும் போகலாமா என்று யோசிக்கிறார் என்று. நான் நேராகவே கேட்டேன். “இன்னும் முடிவு பண்ணலீங்க. அஞ்சு வருசமா இங்க செஞ்சது என்னன்னு நானே எனக்குச் சொல்லிப் பாத்துக்கறேன். அது ஒண்ணுமில்லீன்னா போயிர வேண்டியதுதான்” என்றார்.

அவர் போனால் ஒன்றாம் வகுப்பு என்னவாகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? விழாவுக்குக் காத்திருப்போம்.

ஆண்டு விழா வந்தது. மைக் என் கையில். இளைஞன், குரல் வளம் உள்ளவன், வேறு எதற்கும் பயன்படாதவன் என்பதால் மைக் எப்போதும் எனக்குத்தான். வட்டாரக் கல்வி அலுவலர் சிறப்பு விருந்தினர். மேடையேறும் வழியில் முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தியை நிறுத்தி, பின்னால் தொங்கிய பேனரைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அவள் பெயர் ரோஷ்னி. பாட்னா பக்கத்துக் குடும்பம். ஜூனில் வந்தபோது ‘வா’ என்று கூப்பிட்டால் அழுவாள். அவள் பேனரை அண்ணாந்து பார்த்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, “ஆண்டு விழா” என்று படித்தாள்.

அலுவலருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். ரோஷ்னி மேடையில் தாம்பாளம் ஏந்தி நின்றவரைக் காட்டினாள்.

பார்த்தீர்களா, நெருக்கடி என்பது இப்படித்தான் வரும், சிரித்த முகத்தோடு. தலைமை ஆசிரியை அனுபவசாலி. என் கையிலிருந்து மைக்கை வாங்கி, “எங்க பள்ளியில எல்லாமே கூட்டு முயற்சிதாங்க ஐயா” என்றார். உடனே அலுவலர் கூட்டு முயற்சிக்காகத் தலைமை ஆசிரியைக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். கூட்டு முயற்சிக்காக ஐந்தாம் வகுப்பு சாருக்கு ஒன்று. அவர்தான் எங்களில் மூத்தவர், ரோஷ்னியின் பெயரை அதுவரை ‘ரோசி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கூட்டு முயற்சிக்காக எனக்கும் பச்சையில் ஒன்று. எல்லாமே பூங்கொடி டீச்சரின் கையிலிருந்த தாம்பாளத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. கூட்டு முயற்சியில் அவர் பங்கு அது.

மைக் மறுபடி என்னிடம் வந்தது. தோளில் மஞ்சள் கறை.  நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். “அயராது உழைக்கும், தன்னலமற்ற, எங்கள் பூங்கொடி டீச்சரை மேடையின் மையத்துக்கு அழைக்கிறேன்” என்றேன்.

மேடையில் ஒரு தடுமாற்றம். தாம்பாளத்தில் மிச்சமிருந்தவை ஊராட்சித் தலைவருக்கும் இடம் கொடுத்த புரவலருக்கும் எண்ணி வைத்தவை. தலைமை ஆசிரியை சட்டென்று தன் தோளில் இருந்ததை எடுத்துப் பூங்கொடி டீச்சர் தோளில் போட்டார். போட்டோக்காரர் எடுக்கத் தயாரானார். பூங்கொடி டீச்சர் தாம்பாளத்தைப் பக்கத்து மேஜையில் வைத்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். அவசரமே இல்லாமல் நாலாக மடித்தார். தாம்பாளத்தில் மற்றவற்றின் மேல் வைத்தார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றார்.

“அடுத்தது யாருங்க சார்?” என்றார்.

சிற்பக் கூடத்து உளிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் ஊராட்சித் தலைவரின் பெயரைப் படித்தேன்.

விழா முடிந்து ஆசிரியர் அறையில் பஜ்ஜி தின்றுகொண்டே தீர்ப்பு எழுதினோம். “நான் தோள்ல கெடந்ததையே எடுத்துப் போட்டனே, இதுக்கு மேல என்னங்க பண்றது?” என்று தலைமை ஆசிரியை கேட்டார். உண்மையாகவே மனம் நொந்திருந்தார். ஐந்தாம் வகுப்பு சாரிடம் காரணம் தயாராக இருந்தது. “பொறாமைங்க டீச்சர். இத்தன விழா பாத்திருக்கறோம், அந்தம்மா ஒரு தடவயாச்சும் யாருக்காச்சும் கைதட்டி இருக்குதுங்களா? கல்லாட்டம் நிக்கும். அடுத்தவங்களப் பாராட்டற மனசு இருந்தாத்தான தனக்கு வந்ததயும் வாங்கிக்கத் தோணும்” என்றார். யோசித்துப் பார்த்தேன். சரிதான், அவர் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் லேசாகக் கசந்தது.

வகுப்பறையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்தேன்.

“நீங்க நல்ல மனசோடதானுங்க கூப்ட்டீங்க” என்றார். “ஆனா எதுக்குன்னு சொல்லலையே. அயராது உழைக்கும்னீங்க. ஆபீசரையும் அப்பிடித்தானுங்க சொன்னீங்க. மைக் செட்டுக்காரரையும் அதேதான் சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன்.

“எனக்கு என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுமாங்க சார்?”

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அவர் குரல் நாள் முழுக்க எனக்குக் கேட்கும். என் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டுவதற்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த பாயைச் சுருட்டினார். வெள்ளிக்கிழமை விடுப்பு வேண்டும், கம்பெனியில் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை முடிவு சொல்லிவிடுகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்பைத் தலைமை ஆசிரியையே எடுத்துக்கொண்டார். “முப்பது வருச சர்வீஸ் சார். ஒண்ணாங்கிளாஸ் என்ன பெரிய கம்ப சூத்திரமா” என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

பாடப்புத்தகத்தில் ‘ஓ’வுக்கு ஓடம். இந்தப் பக்கம் நொய்யலில் ஓடம் விட்டவர் யாரும் இப்போது உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. தலைமை ஆசிரியை ஓடத்தைக் கையால் ஆட்டிக் காட்டினார். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். ஒருவன் “ஓவர்லாக்” என்றான். எல்லோரும் “ஓவர்லாக், ஓவர்லாக்” என்று எழுந்து பனியனுக்கு ஓரம் அடிக்கிற அந்தத் தையல் மிஷின் மாதிரிச் சத்தம் போட்டார்கள். தமிழ்ப் பிள்ளை, பீகார்ப் பிள்ளை, ஒடிசாப் பிள்ளை எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைகள் கம்பெனி வார்த்தைகள்தான், பூங்கொடி டீச்சர் எழுத்துச் சொல்லித் தருவது அவற்றை வைத்துத்தான் என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓவர்லாக்கை அடக்க அவர் மேஜையைத் தட்டினார். மிஷின் வேகம் கூடியது. பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனதும் இரைச்சல் இரட்டிப்பானது.

அப்போது ரோஷ்னி மூலையிலிருந்த சாக்கைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள், கலர் கலராக. மேலே ஒரு கத்தரிக்கோல். பிள்ளைகள் உடனே வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அப்படி ஒரு அமைதி. பூங்கொடி டீச்சர் துணியை நாடாவாக வெட்டித் தருவார், அதை இழுத்துக் கயிறாக்கித் தரையில் எழுத்து வளைப்பார்கள் என்று கைச்சைகையிலிருந்து தெரிந்துகொண்டோம். தலைமை ஆசிரியை கடகடவென்று வெட்டினார். பிள்ளைகள் இழுத்தார்கள். நாடா நாடாவாகவே இருந்தது. தரையில் வைத்தால் வளையாமல் விறைத்துக்கொண்டு படுத்தது. நானும் வெட்டினேன். செக்கிங் டேபிளில் வளர்ந்தவன் வெட்டியதும் அப்படியேதான் படுத்தது.

ரோஷ்னி கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள், தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். “டீச்சர், உல்ட்டா” என்றாள், மிகவும் அனுதாபத்தோடு.

எது தலைகீழ் என்று சொல்ல அவளுக்குத் தமிழ் போதவில்லை, புரிந்துகொள்ள எங்களுக்கு மூளை போதவில்லை. மதியத்துக்குள் இரண்டு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்கள். சத்துணவு சமைக்கும் மல்லிகாக்கா ஓடிப்போய்ப் பிடித்து வந்தார். மாலையில் தலைமை ஆசிரியைக்குக் குரலே இல்லை. பீரோ பக்கத்தில் உட்கார்ந்து, முப்பது வருச சர்வீஸைக் கழுத்தோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பூங்கொடி டீச்சர் சொல்லப்போவதற்கு நாங்கள் எங்கள் வழியில் தயாரானோம். பெரிய பொன்னாடையாகப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார் ஐந்தாம் வகுப்பு சார். ஒரு ஷீல்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். நன்றாகக் கவனியுங்கள், வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வகுப்பில் நின்ற பிறகும் எனக்கு ஷீல்டுதான் தோன்றியது. தலைமை ஆசிரியை பேசவில்லை. குரல் இல்லாததால் என்று நினைத்தோம்.

திங்கள் காலை, பிரார்த்தனை முடிந்ததும் தலைமை ஆசிரியை ஒன்றாம் வகுப்புக்குள் போனார். நாங்கள் தட்டிக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். பூங்கொடி டீச்சர் எழுந்து, ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

“அது இருக்கட்டும்” என்றார் தலைமை ஆசிரியை, கம்மிய குரலில். சாக்கிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்தார். “எனக்குச் சுருளவே மாட்டீங்குது கண்ணு. எப்பிடிப் பண்றே? எனக்குச் சொல்லிக் குடு.”

 எட்டிப் பார்த்தேன். பூங்கொடி டீச்சரும் தரையில் உட்கார்ந்திருந்தார். துணியைத் திருப்பிக் காட்டினார். நீளவாக்கில் வெட்டினால் சுருளாது, அகலவாக்கில் வெட்டி இரண்டு முனையும் பிடித்து மெதுவாக இழுத்தால் ஓரம் தானாக உள்ளே சுருண்டுகொள்ளும் என்றார். இழுத்துக் காட்டினார். தட்டையான நாடா கண் முன்னால் கயிறாக உருண்டது. தலைமை ஆசிரியை இழுத்தார். சுருண்டது. பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். முதலில் ஏன் துணியைக் கையில் கொடுக்கிறாய், நேரடியாக எழுதச் சொல்லலாமே என்று தலைமை ஆசிரியை கேட்டார். புது ஊர், புது பாஷை, பிள்ளைக்குக் கை நடுங்கும், இழுக்க ஒன்று கிடைத்தால் நடுக்கம் நின்றுவிடும் என்றார் அவர். இது யார் சொன்னது என்றதற்கு, யாரும் சொல்லவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது என்றார். கேள்வி மேல் கேள்வி. முதல் மணி அடித்து வெகு நேரம் ஆகியும் தலைமை ஆசிரியை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சொல்வதாக இருந்த முடிவைப் பூங்கொடி டீச்சரும் சொல்லவில்லை, எங்களில் யாருக்கும் கேட்கத் துணிச்சல் இல்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பிறகு ஒருநாள் நானே கேட்டேன், கம்பெனி என்ன ஆயிற்று என்று.

“இண்டர்வியூல ஸ்கூல்ல என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க சார். சொல்ல ஆரம்பிச்சனுங்க. சரி சரி, சும்மா கொழந்தைங்களப் பாத்துக்கறதுதானன்னு முடிச்சுப்போட்டாங்க.” சிரித்தார். “இங்கயும் அப்பிடித்தான் நெனச்சுட்டிருந்தனுங்க. ஆனா டீச்சர் தரையில உக்காந்துட்டாங்களே, நான் என்ன பண்றது.”

இந்த இடத்தில் உங்கள் கண் கலங்கிவிட வேண்டாம். அவர் இன்றைக்கும் தற்காலிகம்தான். ஜூன் வந்தால் புதிதாகப் பிறக்க வேண்டும். வராந்தாச் சுவரில் பெயர் ஏறவில்லை. அதற்கான கோப்பு அயராது உழைக்கும் யாரோ ஒருவரின் மேஜையில் இருக்கிறது. தலைமை ஆசிரியை அவருக்காக அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தார், இன்னும் நடப்பார். வாரத்தில் ஒருநாள் ஒன்றாம் வகுப்பில் பாயில் உட்காருகிறார். எங்களையும் மாற்றி மாற்றி உட்காரச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு சார் முதலில் முட்டி வலி என்றார்.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பும் விழா. யார் யாருக்கு என்ன வேலை என்று தலைமை ஆசிரியை பிரித்தார். “மைக் பூங்கொடிக்கு. தாம்பாளம் சாருக்கு” என்று என்னைப் பார்த்தார். பித்தளைத் தாம்பாளத்தை அதற்கு முன் நான் தொட்டதில்லை. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. பிறகு தோள்பட்டையில் ஒரு வலி தொடங்கும். சொரிய முடியாது, வியர்வை துடைக்க முடியாது, யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். மேடையில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பூங்கொடி டீச்சர் அடைமொழி எதுவும் இல்லாமல் கூப்பிட்டார். முதலில் ஐந்தாம் வகுப்பு சார். “போன ஐப்பசி மழையில ஒண்ணாங்கிளாஸ் ஓடு ஒழுகுச்சுங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு இவரேதான் மேல ஏறித் தார்ப்பாய் போட்டாரு. யாருகிட்டயும் சொல்லலீங்க” என்றார். எங்களுக்கு அது தெரியாது. தார்ப்பாய் தானாக வந்ததாக நினைத்திருந்தோம். சார் பொன்னாடையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்து மல்லிகாக்காவைக் கூப்பிட்டார். மல்லிகாக்கா மேடைக்கு வந்ததே இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறினார். “ரோஷ்னி வந்த புதுசுல சோறு திங்க மாட்டாளுங்க. பசியோட உக்காந்திருக்கும். அக்கா தன்னோட ஊட்டுல இருந்து மாவு கொண்டாந்து, ஒரு மாசம் அவளுக்கு மட்டும் சப்பாத்தி சுட்டுக் குடுத்தாங்க. அவ நிக்காம வந்தது பாதி அதனாலதானுங்க” என்றார்.

தலைமை ஆசிரியை தாம்பாளத்திலிருந்து மேலாக இருந்ததை எடுத்துப் போர்த்தினார். பச்சை. மல்லிகாக்கா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“இந்தக் கறை போகவே மாட்டீங்குதுங்க டீச்சர். வருசா வருசம் நானும் தொவச்சுத்தான் பாக்கறேன்” என்றார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைமை ஆசிரியையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கைதட்டல். பெற்றோர் எழுந்து நின்று தட்டினார்கள். பீகார்ப் பெண்கள் தட்டினார்கள், ரோஷ்னி தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். ஐந்தாம் வகுப்பு சார் பலமாகத் தட்டிக்கொண்டே முழங்கையால் என்னை இடித்தார்.

“என்னங்க சார் கல்லாட்டம் நிக்கறீங்க. கைதட்டுங்க.”

நான் தாம்பாளத்தைக் கண்ணால் காட்டினேன். இரண்டு கையும் அதில்தான் இருந்தது. அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். மைக் முன்னால் நின்ற பூங்கொடி டீச்சரைப் பார்த்தார். மறுபடி தாம்பாளத்தைப் பார்த்தார். அவர் கைகள் தட்டுவதை நிறுத்தின.

“இங்க குடுங்க” என்று தாம்பாளத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் கைதட்டினேன்.